வேக டிக்கெட்: பணத்தைக் கட்டிவிடுவதா, எதிர்த்து நிற்பதா? கலிஃபோர்னியாவில் ஏற்கெனவே ஒரு புள்ளி இருப்பவரின் கேள்வி

அவசரக்காரன் — 2024 ஏப்ரல் 7

அனைவருக்கும் வணக்கம். கடந்த மார்ச் 12ஆம் நாள் காலை அலுவலகத்துக்குச் செல்லும் வழியில், பக்கத்து நகரத்தின் நால்வழிச் சாலை ஒன்றில், மோட்டார் சைக்கிளில் இருந்த போக்குவரத்துக் காவலர் என்னை நிறுத்தினார். அந்தச் சாலையில் வேக வரம்பு மணிக்கு 35 மைல். லேசர் ஒளியால் வேகத்தை அளக்கும் தம்முடைய லைடார் கருவி 49 காட்டியதாக அவர் சொன்னார். எவ்வளவு வேகத்தில் வந்தீர்கள் என்று அவர் கேட்டபோது, பதற்றத்தில் "45 இருக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். டிக்கெட்டில் கலிஃபோர்னியா வாகனச் சட்டத்தின் 22350ஆம் பிரிவு எழுதப்பட்டிருக்கிறது. நீதிமன்றத்திலிருந்து வந்த கடிதத்தின்படி, அடிப்படை அபராதம் 35 டாலர்தான் என்றாலும், அதன்மேல் ஏறிய கூடுதல் கட்டணங்களோடு மொத்தம் 230 டாலரைத் தாண்டுகிறது. மே மாத நடுவில் கெடு முடிகிறது.

பணம் எனக்குப் பெரிய கவலையில்லை, விதிமீறலுக்காக ஓட்டுநர் பதிவில் ஏறும் புள்ளிதான் கவலை. 2022 நவம்பரில் இதேபோல் ஒரு வேக டிக்கெட் வாங்கி, டிராஃபிக் ஸ்கூல் என்ற போக்குவரத்து விதி வகுப்பை முடித்து, புள்ளி பதிவாகாமல் தப்பித்தேன். 2023 ஜூனில் சிக்னலில் நின்ற வண்டியின் பின்புறம் மோதினேன். யாருக்கும் காயமில்லை, ஆனால் பழுதுபார்க்க 2,800 டாலர் ஆயிற்று, தவறு என்னுடையது என்றே முடிவாயிற்று. இப்போது மூன்றாவதாக இது. 18 மாதங்களுக்கு ஒருமுறைதான் டிராஃபிக் ஸ்கூல் செல்லலாம் என்று அறிவேன். 2022 நவம்பரிலிருந்து எண்ணினால் வரும் மே மாதத்தில் 18 மாதங்கள் நிறைவடைகின்றன. ஆகவே நீதிமன்றத்தில் கெடுவை நீட்டிக்கச் சொல்லி, ஜூன் மாதம் குற்றத்தை ஒப்புக்கொண்டு, மீண்டும் டிராஃபிக் ஸ்கூல் கேட்கலாம் என்பது என் திட்டம். இது நடக்குமா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பழைய சக்கரம் — 2024 ஏப்ரல் 7

தம்பி, அந்தத் திட்டம் நடக்காது. 18 மாதக் கணக்கு நீங்கள் நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ளும் நாளிலிருந்தோ வகுப்பை முடித்த நாளிலிருந்தோ எண்ணப்படுவதில்லை. முதல் விதிமீறல் நடந்த நாளுக்கும் இரண்டாவது விதிமீறல் நடந்த நாளுக்கும் இடையே உள்ள காலமே கணக்கு. உங்களுக்கு அது 16 மாதங்கள். வழக்கை அடுத்த ஆண்டு வரை இழுத்தாலும் அந்த 16 மாறப்போவதில்லை. இந்த ஒரு விஷயத்தில் ஏமாந்து, கெடுவை நீட்டித்து, கடைசியில் ஒப்புக்கொண்டும் புள்ளி வாங்கியவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, பலர் அறியாத ஒன்று. இணையத்தில் பணத்தைக் கட்டுவது "தொல்லை விட்டது" என்று கைகழுவும் செயலாகத் தோன்றும். சட்டத்தின் பார்வையில் அது குற்றத்தை ஏற்றுக்கொண்டு தண்டனை பெற்றதற்குச் சமம். டிஎம்வி, அதாவது உரிமம் வழங்கும் மாநில வாகனத் துறை, உங்கள் பதிவில் ஒரு புள்ளியை ஏற்றும், அது 36 மாதங்கள் அங்கேயே இருக்கும். மாறாக, டிக்கெட்டில் நீங்கள் இட்ட கையெழுத்து குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாது, நீதிமன்றத்தில் பதில் சொல்கிறேன் என்ற உறுதிமொழி மட்டுமே. அதை மறந்து கெடுவைத் தவறவிட்டால்தான் உண்மையான ஆபத்து, ஏனெனில் வராமல் இருப்பது தனிக் குற்றமாகப் பதிவாகக்கூடும். எது செய்தாலும் மே மாதக் கெடுவுக்குள் செய்யுங்கள்.

உரிமம் பறிபோகுமோ என்ற அச்சம் இப்போதைக்கு வேண்டாம். 12 மாதங்களில் 4 புள்ளி, 24 மாதங்களில் 6, 36 மாதங்களில் 8 என்ற எல்லையைத் தொட்டால்தான் டிஎம்வி ஒருவரை அலட்சிய ஓட்டுநராகக் கருதி உரிமத்தில் கை வைக்கும். நீங்கள் இரண்டில் நிற்கப்போகிறீர்கள். உங்கள் சிக்கல் இன்சூரன்ஸ்தான். அதைக் கணக்கம்மா வந்து சொல்லட்டும், அவர் அந்தத் துறையில் பல ஆண்டுகள் இருந்தவர்.

கணக்கம்மா — 2024 ஏப்ரல் 8

பழைய சக்கரம் ஐயா அழைத்துவிட்டதால் வந்தேன். கலிஃபோர்னியாவில் 1988இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 103ஆம் முன்மொழிவு கார் இன்சூரன்ஸ் கட்டணத்துக்கு ஒரு வரிசையை வகுத்தது. முதலில் ஓட்டுநரின் பாதுகாப்புப் பதிவு, அடுத்து ஆண்டுக்கு ஓட்டும் மைல்கள், அதன்பின் ஓட்டிய அனுபவ ஆண்டுகள். இவற்றுக்கே முதன்மை இடம். அதே சட்டம்தான் "நல்ல ஓட்டுநர் தள்ளுபடி" என்ற ஒன்றையும் கொண்டுவந்தது. மூன்று ஆண்டுகளாக உரிமம் பெற்றிருந்து, அந்த மூன்று ஆண்டுகளில் ஒன்றுக்கு மேல் புள்ளி இல்லாதவருக்குக் குறைந்தது 20 விழுக்காடு தள்ளுபடி தரவேண்டும். அதோடு, அத்தகைய ஒருவர் எந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தாலும் அந்த நிறுவனம் அவருக்கு அந்தத் தள்ளுபடிப் பாலிசியை மறுக்க முடியாது. இந்த இரண்டாவது உரிமையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என்னைக் கேட்டால் தள்ளுபடியைவிட அதுதான் மதிப்பு வாய்ந்தது.

கவனியுங்கள், விதி "ஒன்றுக்கு மேல்" என்கிறது. ஒரு புள்ளி வந்தவுடன் 20 விழுக்காடு போய்விடும் என்று பலர் அஞ்சுவது தவறு. ஒரு புள்ளியோடு கட்டணம் ஓரளவு ஏறலாம், தள்ளுபடி நிற்கும். ஆனால் தம்பி, உங்களிடம் அந்த ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. விபத்தில் 51 விழுக்காடோ அதற்கு மேலோ தவறு உங்களுடையதாக இருந்து, பொருட்சேதம் 1,000 டாலரைத் தாண்டியிருந்தால், அது ஒரு புள்ளியாக எண்ணப்படும். இந்த டிக்கெட் நிலைத்தால் இரண்டாகும். 2026 ஜூன் வரை, அதாவது விபத்தின் புள்ளி மூன்றாண்டு கடந்து உதிரும் வரை, நீங்கள் நல்ல ஓட்டுநர் அல்லர்.

ஒரு சிறு கணக்கு. தள்ளுபடிக்குப் பின் ஆண்டுக்கு 1,600 டாலர் கட்டுபவருக்கு, தள்ளுபடி இல்லாத விலை 2,000 டாலர். 20 விழுக்காட்டை இழந்தவருக்குக் கட்டணம் 20 அன்று, 25 விழுக்காடு ஏறுகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு 800 டாலர், அதன்மேல் புதிய டிக்கெட்டால் பாதுகாப்புப் பதிவு கெடுவதற்காக ஏறும் கட்டணம் தனி. இந்த எண்ணிக்கையை 230 டாலர் அபராதத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நடைபாதை — 2024 ஏப்ரல் 8

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இவர் 35 மைல் சாலையில் 49இல் சென்றதை மறுக்கவே இல்லை. முன்பு ஒரு வேக டிக்கெட், பிறகு ஒரு மோதல், இப்போது இது. தவறு செய்தவர் எப்படித் தப்பிப்பது என்று இத்தனை பேர் கூடி ஆலோசிப்பது எனக்குச் சரியாகப்படவில்லை. என்னைப் போல் தினமும் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடப்பவரின் இடத்தில் நின்று ஒருமுறை யோசியுங்கள்.

விதிநூல் — 2024 ஏப்ரல் 9

நடைபாதை அவர்களின் கோபத்தை மதிக்கிறேன், ஆனால் இதில் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 22350ஆம் பிரிவு "அடிப்படை வேகச் சட்டம்" எனப்படுவது. வானிலை, பார்வைத் தெளிவு, போக்குவரத்து, சாலையின் மேற்பரப்பு, அகலம் ஆகியவற்றைக் கருதும்போது நியாயமான வேகத்தை மீறக்கூடாது என்பதே அதன் சாரம். பலகையில் உள்ள 35 என்பது அந்தச் சாலைக்குப் பாதுகாப்பான வேகம் என்ற ஊகம். அதை மீறியவர் தம் வேகம் அந்தச் சூழலில் பாதுகாப்பானதாக இருந்தது என்று காட்டினால் தப்பிக்கச் சட்டமே இடம் தருகிறது. நெடுஞ்சாலையில் 65ஐத் தாண்டியதற்கான 22349ஆம் பிரிவில் இந்த வாதம் செல்லாது, அது முற்றான உச்சவரம்பு. ஆகவே டிக்கெட்டை வாங்கியவுடன் தொகையைப் பார்ப்பதற்கு முன் பிரிவு எண்ணைப் பார்க்க வேண்டும்.

இனி முக்கியமான இடம். ஒரு நகரம் தன் விருப்பப்படி வரம்பைத் தாழ்த்தி வைத்துவிட்டு, மறைவில் காவலரை நிறுத்தி வசூலிக்கக்கூடாது என்பதற்காகக் கலிஃபோர்னியாவில் "வேகப் பொறி" தடை இருக்கிறது. ரேடாரோ லைடாரோ கொண்டு பிடித்தால், அந்தச் சாலைத் துண்டின் வரம்பை, அங்கே வண்டிகள் உண்மையில் செல்லும் வேகத்தை அளக்கும் பொறியியல் போக்குவரத்து ஆய்வு ஒன்று நியாயப்படுத்தியிருக்க வேண்டும். அந்த ஆய்வு விதிமீறல் நாளுக்கு முந்தைய 5 ஆண்டுகளுக்குள் நடந்திருக்க வேண்டும். சில நிபந்தனைகள் நிறைவேறினால் 7 ஆண்டு வரை செல்லும்: காவலர் குறைந்தது 24 மணிநேர ரேடார் பயிற்சியும், லைடாருக்குக் கூடுதலாக 2 மணிநேரப் பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும், கருவியைச் சான்றளிக்கப்பட்ட தனி ஆய்வகம் ஒன்று 3 ஆண்டுகளுக்குள் அளவுத்திருத்தம் செய்திருக்க வேண்டும், அந்த வேகம் அந்தச் சூழலில் பாதுகாப்பற்றது என்றும் அரசுத் தரப்பு காட்ட வேண்டும். 40802 முதல் 40805 வரையான பிரிவுகளைப் படியுங்கள். இவற்றை நிரூபிக்கும் சுமை அரசுத் தரப்புக்கே உரியது. நிரூபிக்காவிட்டால் காவலரின் சாட்சியத்தை ஏற்கவும், தண்டிக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை. பள்ளி மண்டலங்களுக்கும் குடியிருப்புக்குள்ளான உள்ளூர்த் தெருக்களுக்கும் இந்தத் தடை பொருந்தாது. குழந்தையோடு கடக்கும் இடங்கள் என்ற கவலைக்குச் சட்டம் முன்னரே பதில் சொல்லிவைத்திருக்கிறது.

ஆகவே எதிர்த்து நிற்பது பொய் சொல்வதாகாது. நான் வேகமாகச் செல்லவில்லை என்று அவர் எங்கும் சொல்லவேண்டியதில்லை. நீங்கள் வைத்த வரம்புக்கு நீங்களே ஆதாரம் காட்டுங்கள் என்றுதான் கேட்கப்போகிறார்.

நடைபாதை — 2024 ஏப்ரல் 9

உள்ளூர்த் தெருவுக்கும் பள்ளி மண்டலத்துக்கும் பொருந்தாது என்பதை நான் அறிந்திருக்கவில்லை. ஓரளவு ஏற்கிறேன். எனினும் வென்றாலும் தோற்றாலும் அந்தச் சாலையில் இனி 35ஐத் தாண்டாமல் செல்லும்படி அவரை வேண்டிக்கொள்கிறேன்.

எடிசன்காரன் — 2024 ஏப்ரல் 10

இவ்வளவு சிக்கல் எதற்கு? இங்கே நியூ ஜெர்சியில் என் மைத்துனர் நகராட்சி நீதிமன்றத்துக்குச் சென்று, அரசு வழக்கறிஞரிடம் ஐந்து நிமிடம் பேசி, "பாதுகாப்பற்ற ஓட்டுதல்" என்ற குற்றமாக மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். புள்ளி இல்லை, அபராதத்தோடு 250 டாலர் கூடுதல் கட்டணம் மட்டும். அவசரக்காரரும் அப்படிப் பேரம் பேசிப் பார்க்கலாமே.

பழைய சக்கரம் — 2024 ஏப்ரல் 10

எடிசன்காரரே, உங்கள் ஊரில் அது சரி, அங்கேயும் ஐந்து ஆண்டுகளுக்குள் மூன்றாம் முறை அதே குற்றத்தை ஏற்றால் புள்ளி வரும் என்பதை மைத்துனருக்கு நினைவூட்டுங்கள். கலிஃபோர்னியாவின் போக்குவரத்து நீதிமன்றத்தில் பேரம் பேசப் பெரும்பாலும் ஆளே இருக்கமாட்டார். இத்தகைய சிறு குற்ற வழக்குகளில் அரசு வழக்கறிஞர் பொதுவாக வருவதில்லை. ஒரு பக்கம் காவலர், மறு பக்கம் நீங்கள், மேலே நீதிபதியோ, நீதிபதிக்குப் பதிலாக விசாரிக்கும் நீதிமன்றக் கமிஷனரோ, அவ்வளவுதான். ஜூரி கிடையாது, அரசு செலவில் வழக்கறிஞரும் கிடையாது. ஆனால் நியாயமான ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கவேண்டும் என்ற குற்றவியல் அளவுகோல் உண்டு. ஓர் ஊரின் தந்திரத்தை இன்னோர் ஊருக்குத் தூக்கிச்செல்வதுதான் இந்த விஷயத்தில் நம்மவர்கள் செய்யும் முதல் பிழை.

டாலஸ் வெயில் — 2024 ஏப்ரல் 10

அதற்கு நானும் சாட்சி. டெக்சஸில் ஓட்டுநர் புள்ளிக் கணக்கே இப்போது இல்லை, அதைச் சார்ந்திருந்த கூடுதல் கட்டணத் திட்டத்தை 2019 செப்டம்பரில் ஒழித்துவிட்டார்கள். இங்கே 12 மாதங்களுக்கு ஒருமுறை தற்காப்பு ஓட்டுநர் வகுப்பு முடித்தால் டிக்கெட்டே ரத்தாகும், வரம்புக்கு 25 மைலோ அதற்கு மேலோ தாண்டிச் சென்றவர்கள் போன்ற சிலருக்கு அந்த வாய்ப்பு இல்லை. வேண்டுமென்றால் ஒரு வேக டிக்கெட்டுக்கு ஜூரி விசாரணைகூடக் கேட்கலாம். ஆனால் இங்கு வாங்கிய தண்டனை உங்கள் சொந்த மாநிலத்துக்குத் தெரியாது என்று எண்ணிவிடாதீர்கள், பெரும்பாலான மாநிலங்கள் ஓட்டுநர் உரிம ஒப்பந்தத்தின்படி தகவலைப் பகிர்ந்துகொள்கின்றன.

அவசரக்காரன் — 2024 ஏப்ரல் 11

அனைவருக்கும் நன்றி. 18 மாத விஷயத்தில் ஐயா சொல்லியிராவிட்டால் நான் குழியில் விழுந்திருப்பேன். நடைபாதை அவர்களின் சொற்கள் உறைத்தன, மறுக்கவில்லை. ஒரு கேள்வி மட்டும். நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். வழக்காடினால் விசாவுக்குச் சிக்கல் வருமா என்று வீட்டில் பயப்படுகிறார்கள். வழக்கறிஞர் வைத்துக்கொள்வது அவசியமா?

விதிநூல் — 2024 ஏப்ரல் 11

சாதாரண வேக டிக்கெட் சிறு குற்றம், அதற்குச் சிறைத் தண்டனை கிடையாது. அதை எதிர்த்து வழக்காடுவது உங்கள் உரிமை, அதனால் எவரும் உங்களைக் குற்றவாளி என்று எழுதிவிடமாட்டார்கள். பயப்பட வேண்டிய இடம் வேறு. எடுத்துக்காட்டாக, வர்ஜீனியாவில் 85 மைலுக்கு மேலோ, வரம்பைவிட 20 மைல் அதிகமாகவோ சென்றால் அது "பொறுப்பற்ற ஓட்டுதல்" என்ற முதல் வகுப்புக் குற்றம், 12 மாதச் சிறையும் 2,500 டாலர் அபராதமும் வரை போகலாம். அத்தகைய டிக்கெட்டை விசா வைத்திருப்பவர் வழக்கறிஞர் இல்லாமல் தொடவே கூடாது. உங்களுடையது அந்த வகை அன்று. எது நடந்தாலும் தீர்ப்புத் தாளின் பிரதியைப் பத்திரப்படுத்துங்கள், பின்னாளில் குடியுரிமை விண்ணப்பத்தில் காவல்துறை எப்போதாவது குற்றச்சாட்டுச் சீட்டு கொடுத்ததா என்று கேட்கும்போது கையில் தாள் இருந்தால் நிம்மதி.

வழக்கறிஞர் உங்களுக்காக நீதிமன்றம் செல்லலாம், நீங்கள் விடுப்பு எடுக்கத் தேவையில்லை என்பது அதன் நன்மை. ஆனால் உங்கள் வழக்கு பெரும்பாலும் இரண்டு தாள்களைப் பொறுத்தது. அந்த இரண்டையும் நீங்களே வாங்கலாம். நகரத்தின் போக்குவரத்துப் பொறியியல் பிரிவுக்குப் பொது ஆவணச் சட்டத்தின்கீழ் எழுதி, அந்தச் சாலைத் துண்டின் ஆய்வு அறிக்கையைக் கேளுங்கள். தர முடியுமா முடியாதா என்று அவர்கள் 10 நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். காவல்துறைக்குத் தனியாக எழுதி, காவலரின் குறிப்புகள், லைடாரின் அளவுத்திருத்தச் சான்றிதழ், பயிற்சிச் சான்றிதழ் ஆகியவற்றைக் கேளுங்கள்.

பழைய சக்கரம் — 2024 ஏப்ரல் 12

முறையைப் பற்றி நான் சொல்கிறேன், இதைத்தான் நான் இருமுறை செய்தவன். முதலில் எழுத்துமூல விசாரணை கேளுங்கள். டிஆர்-205 என்ற படிவம். முழுத் தொகையையும் முன்பணமாகச் செலுத்தவேண்டும், விடுதலையானால் அது திரும்பி வரும். உங்கள் தரப்பை எழுதி அனுப்புங்கள், காவலரும் எழுதி அனுப்பவேண்டும். சில காவலர்கள் எழுதி அனுப்புவதே இல்லை, அப்போது வழக்கு பெரும்பாலும் விழுந்துவிடும். தோற்றால், தீர்ப்பு அஞ்சலில் சேர்க்கப்பட்ட நாளிலிருந்து 20 நாட்களுக்குள் டிஆர்-220 படிவத்தைத் தாக்கல் செய்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து நேரில் விசாரிக்கும்படி கேட்கலாம். ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு வாய்ப்புகள். இதைப் பயன்படுத்தாதவர்கள்தான் அதிகம், கலிஃபோர்னியாவில் இருந்துகொண்டு இதை விடுவது எனக்குப் புரியாத ஒன்று.

எழுதும்போது ஓர் எச்சரிக்கை. "நான் 42இல்தான் சென்றேன்" என்று எழுதினால், அது விளக்கம் போலத் தோன்றினாலும் வரம்பை மீறியதாக நீங்களே எழுதிக்கொடுப்பதாகும். வேகத்தைப் பற்றி எண்ணே எழுதாதீர்கள். "அவசரமாக மருத்துவமனைக்கு", "எல்லோரும் அதே வேகத்தில்", "டிக்கெட்டில் வண்டியின் நிறம் தவறு" போன்றவை பெரும்பாலும் காகிதச் செலவு. எழுத்துப் பிழையால் டிக்கெட் செல்லாது என்பது நம் ஊர்ச் சங்கங்களில் உலவும் கட்டுக்கதை.

விதிநூல் — 2024 ஏப்ரல் 12

ஒரு சிறு வேறுபாடு. எழுத்துமூல விசாரணையில் ஆய்வு பற்றிய வாதத்தை முழுமையாக வைக்கவேண்டாம் என்பது என் கருத்து. அங்கே வைத்துத் தோற்றால், நேரில் வரும்போது காவலர் எல்லாத் தாள்களையும் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு வருவார். கையில் இருக்கும் அம்பை முதல் நாளே எய்துவிட்டால் இரண்டாம் நாள் வில்லை மட்டும் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

பழைய சக்கரம் — 2024 ஏப்ரல் 12

நான் ஒப்பவில்லை. முதல் சுற்றிலேயே முடித்துவிட்டால் விடுப்பும் வேண்டாம், பதற்றமும் வேண்டாம். மறைத்து வைத்த வாதம் நேரில் நாக்கு குழறும்போது உதவாது. ஆனால் இது அவரவர் துணிவைப் பொறுத்தது, அவசரக்காரரே முடிவு செய்யட்டும்.

அவசரக்காரன் — 2024 மே 9

தகவல் தருகிறேன். நகரத்திலிருந்து ஆய்வு அறிக்கை வந்துவிட்டது. அது 2018 பிப்ரவரியில் செய்யப்பட்டது. என் டிக்கெட் 2024 மார்ச், ஆறு ஆண்டுகளும் ஒரு மாதமும் ஆகின்றன. அறிக்கையில் 85ஆம் விழுக்காட்டு வேகம் 42 மைல் என்று எழுதியிருக்கிறது. காவல்துறையிலிருந்து பதில் இல்லை. விதிநூல் சொன்னதை ஏற்று, எழுத்துமூல விசாரணையில் அன்றைய வானிலை தெளிவாக இருந்தது, சாலையில் போக்குவரத்து இல்லை, என் வேகம் சூழலுக்குப் பொருத்தமானது என்பதை மட்டும் எழுதி அனுப்பினேன். எண் எதையும் எழுதவில்லை.

விதிநூல் — 2024 மே 9

42 என்பது நல்ல செய்தியன்று. நூறு வண்டிகளில் 85 வண்டிகள் 42 மைல் அல்லது அதற்குக் குறைவான வேகத்தில் செல்கின்றன என்று பொருள். அதை அருகிலுள்ள ஐந்தின் மடங்குக்கு ஒதுக்கினால் 40, தக்க காரணம் எழுதினால் இன்னும் 5 குறைத்து 35 வைக்கலாம். ஆகவே வரம்பு தன்னளவில் நியாயமானதே. உங்கள் வழக்கு முழுவதும் ஆய்வின் வயதில் இருக்கிறது. ஆறு ஆண்டு என்பதால் 5 ஆண்டு விதி முடிந்துவிட்டது, 7 ஆண்டு விதியின் நிபந்தனைகளை அவர்கள் நிரூபித்தாகவேண்டும். காவல்துறைக்கு இன்னொரு முறை எழுதுங்கள், பிரதியில் தேதி முத்திரை வாங்குங்கள்.

அவசரக்காரன் — 2024 ஜூலை 18

எழுத்துமூல விசாரணையில் தோற்றேன். தீர்ப்பில் "குற்றவாளி" என்ற ஒரே சொல், காரணம் எதுவுமில்லை. ஆனால் அதோடு காவலர் எழுதிய அறிக்கையின் பிரதி கிடைத்தது, அதில் அவர் தம் பயிற்சியைப் பற்றியும், என்னிடம் கேட்டு நான் சொன்ன "45" பற்றியும் எழுதியிருக்கிறார். அளவுத்திருத்தம் பற்றி "கருவி சரியாக இயங்கியதைப் பணி தொடங்கும்போது சோதித்தேன்" என்பதோடு நிறுத்திவிட்டார். டிஆர்-220 படிவத்தை இன்று நேரில் தாக்கல் செய்தேன். செப்டம்பர் 19 விசாரணை.

கணக்கம்மா — 2024 ஜூலை 18

இடையில் உங்கள் பாலிசி புதுப்பிக்க வருகிறதா? நிறுவனங்கள் பெரும்பாலும் புதுப்பிக்கும் நேரத்தில்தான் பதிவைப் பார்க்கின்றன. மறுவிசாரணைக்கு மனுக் கொடுத்தபின் டிஎம்வி பதிவில் தண்டனை ஏறியிருக்கிறதா என்று இணையத்தில் 2 டாலர் கட்டிப் பார்த்துவிடுங்கள். ஏறியிருந்தால் நீதிமன்ற எழுத்தரிடம் எடுத்துச் சொல்லுங்கள். தவறான பதிவால் கட்டணம் ஏறிவிட்டால் பிறகு அதைத் திருத்த அலைவது பெரும் பாடு.

பழைய சக்கரம் — 2024 செப்டம்பர் 16

தம்பி, விசாரணைக்கு மூன்று நாள் இருக்கிறது. காவலர் பேசி முடிக்கும் வரை குறுக்கிடாதீர்கள். அவரிடம் "நான் பொய் சொல்லவில்லை" போன்ற வாதங்களுக்குச் செல்லாமல் கேள்வி மட்டும் கேளுங்கள்: ஆய்வு எந்த நாளில் செய்யப்பட்டது, கருவியைத் தனி ஆய்வகம் கடைசியாக எந்த நாளில் அளவுத்திருத்தம் செய்தது, அந்தச் சான்றிதழ் கையில் இருக்கிறதா. பதில் வந்தபின் உட்கார்ந்துவிடாமல், 40803இன்படி அரசுத் தரப்பு தன் சுமையை நிறைவேற்றவில்லை, எனவே 40805இன்படி தள்ளுபடி செய்ய வேண்டுகிறேன் என்று அந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள். நீங்களாகக் கேட்காவிட்டால் நீதிபதியாக எடுத்துக் கொடுக்கமாட்டார். தோற்றாலும் மேல்முறையீட்டுக்கு 30 நாள் உண்டு.

அவசரக்காரன் — 2024 செப்டம்பர் 19

இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன். எனக்கு முன்னால் பதினோரு வழக்குகள். அவற்றில் நான்கில் காவலர் வரவில்லை, உடனே தள்ளுபடி. என் காவலர் வந்திருந்தார், தடிமனான கோப்போடு. மனம் அப்போதே தளர்ந்தது.

அவர் தெளிவாகவும் கண்ணியமாகவும் பேசினார் என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். ஆய்வு அறிக்கையைக் காட்டினார், பயிற்சிச் சான்றிதழ்களைக் காட்டினார், 24 மணிநேரமும் 2 மணிநேரமும் சரியாக இருந்தன. என் முறை வந்தபோது ஆய்வின் நாளைக் கேட்டேன், 2018 பிப்ரவரி என்றார். கருவியின் அளவுத்திருத்தச் சான்றிதழைக் கேட்டேன். கோப்பைப் புரட்டி ஒரு தாளை எடுத்துக் கமிஷனரிடம் கொடுத்தார். கமிஷனர் அதை உரக்கப் படித்தார்: 2021 ஜனவரி. என்னிடம் டிக்கெட் எந்த நாள் என்று கேட்டார். 2024 மார்ச் 12 என்றேன். காவலர், அதற்குப் பின் புதிய சான்றிதழ் இருக்கவேண்டும், அது நிலையத்தில் இருக்கும் என்றார். இங்கே இருக்கிறதா என்று கமிஷனர் கேட்டார். இல்லை என்றார்.

ஐயா சொன்ன வாக்கியத்தைத் தாளில் எழுதி வைத்திருந்தேன், கை நடுங்கியபடி படித்தேன். கமிஷனர் சட்டப்புத்தகத்தைத் திறந்து ஓரிரு நிமிடம் பார்த்தார். பிறகு, மூன்று ஆண்டுக்குள் அளவுத்திருத்தம் நடந்தது என்று காட்டப்படாததால் ஏழு ஆண்டு நீட்டிப்பு பொருந்தாது, ஆய்வு ஐந்து ஆண்டைக் கடந்தது, வழக்கு தள்ளுபடி என்றார். வெளியே வரும்போது காவலர் என்னிடம், அந்த வளைவுக்கு அப்பால் மூத்தோர் இல்லம் இருக்கிறது, மெதுவாகப் போங்கள் என்றார். போகிறேன் என்றேன். நடைபாதை அவர்களுக்கும் அதே பதில்.

எடிசன்காரன் — 2024 செப்டம்பர் 19

ஐந்து நிமிடப் பேரத்துக்குப் பழகிய எனக்கு இதைப் படிக்கவே மூச்சு வாங்குகிறது. வாழ்த்துகள்.

விதிநூல் — 2024 செப்டம்பர் 20

இதைப் படித்துவிட்டுத் தங்கள் டிக்கெட்டுக்கும் இதே முடிவு கிடைக்கும் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். காவலர் சரியான தாளை எடுத்து வந்திருந்தால் இவருடைய வழக்கு வேறு திசையில் போயிருக்கலாம். டிராஃபிக் ஸ்கூலுக்குத் தகுதியுள்ளவர்களுக்கு, அதாவது முந்தைய 18 மாதத்தில் அதைப் பயன்படுத்தாதவர்களுக்கு, அதுவே பெரும்பாலும் சிறந்த வழி, ஏனெனில் புள்ளி இரகசியமாகி இன்சூரன்ஸ் நிறுவனத்தின் கண்ணுக்குத் தெரியாது. வழக்காடித் தோற்றபின்னும் அதைக் கேட்கலாம். குற்றத்தை மறுத்து விசாரணைக்குச் சென்ற ஒரே காரணத்தால் ஒருவர் தகுதி இழப்பதில்லை என்று நீதிமன்ற விதி சொல்கிறது. வணிக வாகன ஓட்டுநர் உரிமம் வைத்துள்ளவர்களுக்கு மட்டும் அந்த இரகசியம் கிடைக்காது.

அவசரக்காரன் — 2024 நவம்பர் 2

முன்பணம் காசோலையாகத் திரும்பி வந்தது. கணக்கம்மா அக்கா சொன்னபடி 2 டாலர் கட்டிப் பதிவை எடுத்தேன். 2023 ஜூன் விபத்து ஒன்று மட்டுமே அதில் இருக்கிறது. பாலிசி இந்த வாரம் பழைய தள்ளுபடியோடு புதுப்பிக்கப்பட்டது. வழக்கைத் தள்ளுபடி செய்த நீதிமன்ற உத்தரவின் பிரதியை இரண்டு எடுத்து, ஒன்றைக் காரின் கையுறைப் பெட்டியிலும் இன்னொன்றை விசா கோப்பிலும் வைத்திருக்கிறேன்.

கணக்கம்மா — 2024 நவம்பர் 2

காரில் வைத்ததை எடுத்து வீட்டில் வையுங்கள் தம்பி. அடுத்த முறை நிறுத்தும் காவலரிடம் காட்டுவதற்கான தாள் அன்று அது.